பல்லில் படியும் வழவழப்பைக் கொப்பளித்தால் போகுமா?

காலையில் எழுந்ததும் பல்லின் மேல் நாக்கை ஓட்டிப் பாருங்கள். வழவழவென்று ஒரு படலம் தட்டுப்படும். இரவு சாப்பிட்டதுதான் ஒட்டியிருக்கிறது, கொப்பளித்தால் போய்விடும் என்று என்னிடம் வருகிறவர்களில் பலர் நினைக்கிறார்கள். அது சாப்பாடு அல்ல. பாக்டீரியாக்களும் அவை சுரந்த பிசினும் சேர்ந்தது.

சொத்தைக்கு முக்கியக் காரணமான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் கிருமியை 1924-இல் இங்கிலாந்தில் கிளார்க் என்பவர் சொத்தைப் பல்லிலிருந்து பிரித்தெடுத்தார். நாம் தின்னும் சர்க்கரையில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் இணைந்திருக்கின்றன. இந்தக் கிருமி வெளியே விடும் நொதி அந்த இணைப்பை உடைத்து, குளுக்கோஸைச் சங்கிலியாகக் கோத்து, குளுக்கான் என்ற பிசினாக்குகிறது. அதில் பெரும்பகுதி தண்ணீரில் கரையாது. அதனால்தான் கொப்பளித்தால் போவதில்லை, பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டியிருக்கிறது. மிஞ்சும் ஃபிரக்டோஸைக் கிருமி உள்ளே இழுத்துத் தின்று வளர்கிறது, கழிவாக லாக்டிக் அமிலத்தை விடுகிறது. பிசினுக்குள் தேங்கும் அமிலத்தை எச்சிலால் சீக்கிரம் கழுவ முடியாது. அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு (குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5-க்குக் கீழே இறங்கினால், பல்லின் கெட்டியான மேல் உறையான எனாமல் கரையத் தொடங்கும்.

வெல்லம், கருப்பட்டி நல்லது என்பார்கள். அவற்றிலும் பெரும்பங்கு இதே சர்க்கரைதான், கிருமிக்கு வித்தியாசம் தெரியாது.

எவ்வளவு சர்க்கரை என்பதைவிட எத்தனை தடவை என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். ஒவ்வொரு முறையும் எச்சில் அந்த அமிலத்தைச் சரிக்கட்ட அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் அடுத்த டீ, அடுத்த பிஸ்கட் என்றால் பல்லுக்கு ஓய்வே இல்லை.

என் மனதை மிகவும் வருத்துவது குழந்தைகளின் சொத்தையான மேல்வரிசை முன்பற்கள். "சாக்லேட்டே வாங்கித் தர்றதில்லை டாக்டர்" என்று அம்மாக்கள் கண்கலங்குவார்கள். விசாரித்தால், சர்க்கரை போட்ட பால் பாட்டிலை வாயில் வைத்தபடியே பிள்ளை தூங்குவது தெரியவரும். தூக்கத்தில் எச்சில் சுரப்பது மிகவும் குறைவு. அமிலம் இரவு முழுக்க அப்படியே நிற்கும்.

பாலைக் கொடுத்துவிட்டு, அப்புறம் பல் தேய்த்துத் தூங்க வையுங்கள். மூன்று வயது வரை அரிசி அளவு, அதற்குப் பின் ஆறு வயது வரை பட்டாணி அளவு ஃபுளோரைடு பற்பசை போதும். வாரம் ஒருமுறை குழந்தையின் மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு போல வெள்ளைக் கோடு தெரிந்தால் உடனே அழைத்து வாருங்கள். குழி விழாத அந்த நிலையில், பெரும்பாலும் பல்லைக் குடையாமலே ஃபுளோரைடு பூசித் தடுத்துவிடலாம்.