ராத்திரி ஷிஃப்டில் மட்டும் பெருக்கும் புஷ்

கோவைப் பக்கம் ஒரு டர்னிங் ஷாப்பிலிருந்து (லேத் பட்டறை) போன். "சார், பகல்ல ஓகே ஆகுற புஷ் ராத்திரி ரிஜெக்ட் ஆகுது. அளவு பாக்குற கேமராவை மாத்திக் கொடுங்க." புஷ் என்பது குழாய்த் துண்டு போன்ற உலோக உருளை. இதன் வெளிவிட்டம் 25 மி.மீ.; கூடக்குறைய 0.05 வரை அனுமதி. போய்ப் பார்த்தால் கேமராவில் ஒரு குறையும் இல்லை. ராத்திரியில், புஷ்ஷை உட்கார வைக்கும் ஃபிக்ஸ்சரை ஏர் அடித்துச் சுத்தம் செய்ய ஆளில்லை. புஷ்ஷுக்கு அடியில் அரை மில்லிக்கு உலோகப் பிசிறு.

அரை மில்லிதானே? லென்ஸிலிருந்து புஷ் இருந்த தூரம் சுமார் 250 மி.மீ. அதில் அரை மில்லி கிட்டே வந்தால் உருவம் 0.2 சதவீதம் பெருக்கும். 25 மில்லி, 25.05 ஆகத் தெரியும். மேல் எல்லையை ஒட்டி ஓடிய நல்ல புஷ் அத்தனையும் கழிவுத் தொட்டிக்குப் போயிருக்கிறது.

கிட்டே இருப்பது பெரிதாகத் தெரிவது நம் கண்ணுக்கும் உள்ளதுதான். அளவெடுக்கிற இடத்தில் அது ஆகாது. அங்கே டெலிசென்ட்ரிக் லென்ஸ் வேண்டும். அச்சுக்கு இணையாக வரும் கதிர்களை மட்டும் இது எடுத்துக்கொள்வதால், ஓர் எல்லைக்குள் பொருள் ஏறி இறங்கினாலும் உருவத்தின் அளவு மாறாது. ஆனால் முன் கண்ணாடி பொருளைவிட அகலமாக இருந்தாக வேண்டும். கனமும் விலையும் அதனால்தான். போல்ட் இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதற்கெல்லாம் இதை யாராவது விற்க வந்தால் கொஞ்சம் யோசியுங்கள்.

அதே மெஷினில் விளிம்பும் மங்கலாக இருந்தது. 'ஷார்ப்பா வரும்' என்று யாரோ லென்ஸின் ஒளித்துளையான ஐரிஸை எஃப்16 வரை மூடியிருக்கிறார்கள் (எஃப் எண் கூடக்கூடத் துளை சிறுக்கும்). கொஞ்சம் மூடினால் சரி. துளை ரொம்பச் சிறுத்தால் ஒளியே பரவ ஆரம்பிக்கும்: எஃப்16-இல் பச்சை ஒளியின் ஒரு புள்ளி சுமார் 21 மைக்ரான் அகலம். அந்தக் கேமராவின் பிக்சல் 3.45 மைக்ரான். ஆறு பிக்சலுக்கு ஒரே புள்ளி! எஃப்5.6-க்குத் திறந்து, எக்ஸ்போஷரைக் குறைத்து, ஐரிஸ் வளையத்தின் பூட்டு ஸ்க்ரூவை இறுக்கினேன்.

அப்புறம் அங்கே இருந்த பழைய லென்ஸின் முன் கண்ணாடி. கூலன்ட் படலத்தைப் பனியன் வேஸ்ட்டால் துடைத்துத் துடைத்து, அதிலிருந்த இரும்புத்தூள் கோட்டிங்கை வட்ட வட்டமாகக் கீறியிருந்தது. முன்னால் ஒரு ஃபில்டர் திருகியிருந்தால் கீறல் அதோடு போயிருக்கும்.

புது டெலிசென்ட்ரிக் லென்ஸ் வர நாளாகும் என்பதால், ஃபிக்ஸ்சர் ஓரம் ஒரு ஏர் நாசில் வைத்துவிட்டு வந்தேன். லென்ஸ் வந்த பிறகும் அதைக் கழற்ற விடவில்லை. பிசிறு ஒரு பக்கமாக உட்கார்ந்தால் புஷ் சாயும். சாய்ந்த புஷ்ஷை டெலிசென்ட்ரிக்கும் நிமிர்த்தாது.