கல்லீரலை அளவுகோலாக்கும் பெட் ஸ்கேன்

முற்றிய நிலை ஹாட்ஜ்கின் லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுநோய்க்கு, ஏ.பி.வி.டி. என்ற நான்கு மருந்துகளின் கூட்டு நெடுங்காலமாகக் கொடுக்கப்பட்டு வருகிறது. அவற்றுள் ஒன்றான பிளியோமைசின் சிலருக்கு நுரையீரலைத் தழும்பேறச் செய்து, மூச்சுவிடும் திறனையே பாதித்துவிடும். இந்நோயாளிகளில் பலர் இளைஞர்கள். நோய் குணமான பிறகும் பல பத்தாண்டுகள் வாழப் போகிறவர்கள். இவர்களுள் யாருக்கு அந்த மருந்தைப் பாதி வழியில் நிறுத்தலாம் என்பதைப் பெட் ஸ்கேன் படத்தின் ஓர் அளவீட்டைக் கொண்டு முடிவு செய்கிறார்கள்.

புற்றுத் திசு பொதுவாக அதிகக் குளுக்கோஸை உறிஞ்சும். ஆகவே, கதிரியக்க ஃபுளூரின் சேர்த்த எஃப்.டி.ஜி. என்ற குளுக்கோஸ் போன்ற பொருளை வெறும் வயிற்றில் இருக்கும் நோயாளியின் இரத்தக்குழாயில் ஏற்றி, ஏறக்குறைய ஒரு மணி நேரம் அசையாமல் ஓய்வெடுக்கச் சொல்கிறார்கள். நடந்தாலோ அதிகம் பேசினாலோ அந்தத் தசைகளும் அதை இழுத்துக்கொள்ளும். பின்னர் கருவி, உடலின் ஒவ்வொரு பகுதியிலும் எவ்வளவு எஃப்.டி.ஜி. சேர்ந்திருக்கிறது என்று கணக்கிடுகிறது. செலுத்திய அளவையும் உடல் எடையையும் கொண்டு அதைச் சீராக்கினால் எஸ்.யூ.வி. என்ற எண் கிடைக்கும்; மருந்து உடல் முழுதும் சமமாகப் பரவியிருந்தால் அது எங்கும் 1 ஆக இருக்கும்.

அறிக்கையில் இந்த எண்ணைப் பார்த்ததும் பதறுவோர் உண்டு. ஆனால் இரத்தச் சர்க்கரை, காத்திருந்த நேரம், கருவியின் வகை, படத்தை உருவாக்கும் மென்பொருள் ஆகிய எல்லாமே அதைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். ஃபுளூரின்-18 ஏறத்தாழ 110 நிமிடத்தில் பாதியாகச் சிதைந்துவிடுவதால், ஊசி போட்ட நேரத்தைத் தவறாகக் குறித்தாலே கணக்கு பிசகிவிடும். ஆகவே வெவ்வேறு மையங்களில் எடுத்த இரண்டு எண்களை அப்படியே ஒப்பிடுவது சரியன்று.

இந்தச் சிக்கலுக்கு 2009-இல் பிரான்சின் தோவில் நகரில் கூடிய வல்லுநர்கள் கண்ட தீர்வு, என் கருத்தில், மிகவும் நுட்பமானது: அளவுகோலை நோயாளியின் உடலுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். படத்தில் கட்டியின் ஒளிர்வு, அதாவது அதில் சேர்ந்த எஃப்.டி.ஜி.யின் அளவு, மார்பின் நடுவிலுள்ள பெருங்குழாய் இரத்தத்தைத் தாண்டாவிட்டால் மதிப்பெண் 1 அல்லது 2. அதைத் தாண்டினாலும் கல்லீரலை மிஞ்சாவிட்டால் 3. மிதமாக மிஞ்சினால் 4. வெகுவாக மிஞ்சினாலோ புதிதாக ஓரிடத்தில் நோய் தோன்றினாலோ 5. அதே உடல், அதே ஊசி, அதே கருவி என்பதால் பிழைகளில் பெரும்பகுதி இருபுறமும் சமமாகிவிடுகிறது.

2016-இல் வெளியான ராத்தல் (RATHL) என்ற மருத்துவ ஆய்வு இந்த மதிப்பெண்ணைச் சிகிச்சையோடு இணைத்தது. இரண்டு சுற்று மருந்துக்குப் பின் 1 முதல் 3 வரை பெற்றவர்களில் ஒரு பாதியினருக்கு ஏ.பி.வி.டி. தொடர்ந்தது, மறுபாதியினருக்குப் பிளியோமைசின் நீக்கப்பட்டது. மூன்றாண்டு முடிவில் நோய் முற்றாமல் இருந்தோர் முறையே 85.7, 84.4 சதவீதம். வேறுபாடு 5 புள்ளிகளுக்குள் அடங்க வேண்டும் என்று முன்பே வகுத்த வரம்பைப் புள்ளியியல் பிழை எல்லை மயிரிழையில் தாண்டியது உண்மைதான். ஆயினும் நுரையீரல் பாதிப்பு குறைந்ததால், பிளியோமைசினை விடும் வழக்கம் பரவலாக ஏற்கப்பட்டது. 4 அல்லது 5 பெற்றவர்களுக்கு அதைவிட வீரியமான மருந்துக் கூட்டு கொடுக்கப்பட்டது.

தொற்றும் அழற்சியும்கூட எஃப்.டி.ஜி.யை ஈர்க்கும் என்பதால், ஓர் ஒளிர்வு ஐயத்துக்கு இடமளித்தால், சிகிச்சையை மாற்றுமுன் திசுப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது.