வெளிச்சத்தைக் கேட்கிறோம், தண்ணீரைக் கேட்பதில்லை

தென்மேற்கு இங்கிலாந்தில் எக்ஸ்மூர் என்றொரு மூர் இருக்கிறது, அதாவது மரம் குறைந்த, புல்லும் புதரும் படர்ந்த மேட்டுநிலம். அதன் வடக்கு விளிம்பு அப்படியே கடலில் இறங்குகிறது. காலையில் மேட்டில் ஹெதர் என்ற குறும்புதரின் ஊதாப் பூ, மாலையில் போர்லாக் வியர் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும் படகுகள் என்று ஒரே நாளில் இரண்டையும் எடுத்துவிடலாம். நிலக்காட்சிப் படம்தான் என் பிழைப்பு என்பதால் அங்கே பலரைக் கூட்டிப் போயிருக்கிறேன். எல்லாரும் "வெளிச்சம் எத்தனை மணிக்கு?" என்பார்கள். தண்ணீர் எத்தனை மணிக்கு என்று கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அங்கே எதிரே விரியும் பிரிஸ்டல் கால்வாய் என்ற கடற்பகுதி சாதாரணக் கடல் அல்ல. அதன் உள்முனையான செவர்ன் கழிமுகத்தில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் 14 மீட்டர் வரை போகும். அமாவாசை, பௌர்ணமிக்கு அடுத்த ஓரிரு நாட்களில் இது உச்சம். ஏற்றம் ஒரே வேகத்தில் வருவதும் இல்லை. சுமார் ஆறு மணி நேர ஏற்றத்தில் நடுவில் உள்ள இரண்டு மணி நேரத்திலேயே பாதித் தண்ணீர் வந்துவிடும். முதல் மணி நேரத்தைப் பார்த்து "மெதுவாகத்தானே வருகிறது" என்று நினைப்பவர்தான் மாட்டிக்கொள்கிறார்.

நானும் மாட்டியிருக்கிறேன், வேறு விதமாக. ஓர் ஆகஸ்ட் மாலை. கையில் இருந்த அட்டவணைப்படி உச்ச ஏற்றம் முடிந்த நேரம். இனி தண்ணீர் இறங்கத்தானே போகிறது என்று பையைக் கல்படியில், ஈரம் தொடாத இடத்தில் வைத்துவிட்டு, படகுக் கயிறு கட்டிய இரும்பு வளையத்தின் துருவை எடுத்துக்கொண்டிருந்தேன். அரை மணி கழித்துத் திரும்பினால் பையின் அடிப்பாகம் தண்ணீரில். அந்த அட்டவணை கிரீன்விச் நேரத்தில் அச்சிட்டது. கோடையில் பிரிட்டன் கடிகாரம் அதைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடும், அதனால் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். ஓரத்தில் சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள். உப்புத் தண்ணீர் குடித்த லென்ஸ் பிழைக்கவில்லை. இப்போது அட்டவணையைத் திறந்தால் முதலில் அந்தச் சின்ன எழுத்தைத்தான் தேடுகிறேன்.

ஏற்றவற்றம் தெரிந்தால் படமும் மேம்படும். மிதக்கும் படகை நீண்ட எக்ஸ்போஷரில், அதாவது ஷட்டரைப் பல வினாடி திறந்து வைத்து எடுத்தால் சுவர் கூர்மையாகவும் பாய்மரம் கலங்கியும் விழும். அப்போது ஷட்டரை வேகமாக வைக்க வேண்டியதுதான். வற்றத்தில் சேற்றில் அமர்ந்த படகு அசையாது. முப்பது வினாடி திறந்து வைத்தாலும் மேகம் மட்டும்தான் ஓடும். ஆனால் அந்தச் சேற்றுக்குள் இறங்காதீர்கள். பச்சைப் பாசி படர்ந்த சரிவுப் பாதையும் வேண்டாம். கேமராவைக் காப்பாற்றப் போய் முழங்கையை உடைத்துக்கொண்டவரைப் பார்த்திருக்கிறேன்.

மூரில் ஆபத்து பச்சையாகவே இருக்கும். சுற்றிலும் பழுப்புப் புல், நடுவில் மட்டும் கண்ணைப் பறிக்கும் இளம்பச்சைத் திட்டு என்றால் அது ஸ்பேக்னம் பாசி. அடியில் தண்ணீர் ஊறிய பீட், அதாவது மக்கிய செடிகளால் ஆன கரிய மண். ட்ரைபாட் காலை ஊன்றி ஒரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். தலை சாய்கிறதா? அங்கே நீண்ட எக்ஸ்போஷரும் சரிவராது, நீங்கள் நிற்பதும் சரிவராது.

தெற்கே உள்ள இன்னொரு மூரான டார்ட்மூரில் வேறு கதை. அதன் வடபகுதியில் ராணுவத்தின் சுடுபயிற்சிக் களங்கள் உள்ளன. பகலில் சிவப்புக் கொடி, இரவில் சிவப்பு விளக்கு தெரிந்தால் உள்ளே போகக் கூடாது. பயிற்சி நாட்களை முன்கூட்டியே வெளியிடுகிறார்கள். பால்வெளி எடுக்கப் போகிறவர்கள் அதைப் பார்க்காமல் கிளம்பவே கூடாது. தரையில் கிடக்கும் எந்த உலோகத்தையும் தொடாதீர்கள்.

வசந்தத்தில் கர்லூ என்ற நீண்ட வளைந்த அலகுள்ள பறவை உங்கள் தலைக்கு மேல் கத்திக்கொண்டே வட்டமிட்டால் கூடு பக்கத்தில் தரையில்தான் இருக்கிறது. லென்ஸ் மாற்றாமல் வந்த வழியே விலகுங்கள். நாயோடு போனால், பொதுமக்கள் நடக்க உரிமை உள்ள திறந்தவெளி நிலத்தில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை அதைக் குட்டைக் கயிற்றில் பிடித்திருப்பது சட்டப்படி கட்டாயம்.

அறைக்குத் திரும்பியதும் இரண்டு வேலை. ட்ரைபாட் கால்களை விரித்து நல்ல தண்ணீரில் கழுவுங்கள். உப்பு காய்ந்தால் பூட்டுகள் இறுகிவிடும். அப்புறம் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் பக்கம் உண்ணி கடித்திருக்கிறதா என்று பாருங்கள். லைம் நோய் என்ற பாக்டீரியா தொற்று அதன் வழியாகத்தான் வருகிறது. இருந்தால் நுனி மெலிந்த இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள், திருகாமல். தேதியைக் குறித்து வையுங்கள். கடித்த இடத்தைச் சுற்றி மூன்று நான்கு வாரம் கழித்தும் சிவப்பு வட்டம் பரவலாம். பரவினால் அந்தத் தேதியோடு மருத்துவரிடம் போங்கள்.