பம்பருக்குப் பின்னால் பில்டரை இறக்காதீர்கள்

இந்த மழைக்காலத்தில் எஞ்சினுக்குள் தண்ணீர் போய் என் கராஜுக்கு வந்த மூன்றாவது கார் இது. உப்புவெளிப் பக்கமிருந்து கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். பழைய இரண்டு கதவு ஹொண்டா, 1.6 லீற்றர் எஞ்சின். பொடியன் மூன்று வருடம் காசு சேர்த்து வாங்கியது. பொனட்டைத் திறந்த உடனேயே விளங்கிவிட்டது. கம்பனி வைத்த எயார் பில்டர் பெட்டியைக் காணவில்லை. அந்த இடத்தில் ஹாட்வெயார் கடையில் வாங்கிய பிவிசி குழாய், இரண்டு எல்போ. குழாயின் நுனியில், பம்பருக்குப் பின்னால் அடியில் ஒரு கூம்பு பில்டர். எஞ்சினுக்குக் குளிர்ந்த வெளிக்காற்று போகட்டும் என்று செய்யும் வேலை, 'கோல்ட் எயார் இன்டேக்' என்பார்கள். பிளக்கைக் கழற்றி எஞ்சினைக் கையால் சுற்றப் பார்த்தால் பாதியில் நின்றது. சிலிண்டரிலிருந்து சேற்றுத் தண்ணீர் வந்தது.

"பெரிய வெள்ளம் இல்ல அண்ணா, அரை டயர் அளவுதான்" என்றான்.

அரை டயர் போதும் தம்பி. உன் பில்டர் இருந்தது அதற்கும் கீழே. எதிரே ஒரு லொறி வந்தால் அது தள்ளும் அலை வேறு. 1.6 லீற்றர் எஞ்சினில் பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது அதன் தலைக்கு மேல் மிஞ்சும் இடம் ஏறக்குறைய 45 மில்லிலீற்றர், அதாவது மூன்று மேசைக்கரண்டி. தண்ணீர் காற்றைப் போல அமுங்காது, அதற்கு மேல் போனால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ரொட் வளையும். ஓடிக்கொண்டிருக்கும்போது நடந்தால் எஞ்சின் புளொக்கையே உடைத்துக்கொண்டு வெளியே வரும்.

இதைவிட எனக்குக் கோபம் வருவது வேறு ஒன்றுக்கு. வருகிற பொடியன்கள் எல்லோரும் சொல்லும் ஒரே வசனம்: "கம்பனிப் பெட்டி சூடான காற்றைத்தான் இழுக்குது, அதுதான் மாத்தினேன்." இல்லை! தயவுசெய்து ஒரு தடவை அந்தப் பெட்டியின் மூக்கு, அதாவது காற்றை இழுக்கும் குழாய், எங்கே போகிறது என்று கையால் தடவிப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் அது ரேடியேட்டருக்கு மேலே கிரில் ஓரமாகவோ, ஹெட்லைட்டுக்குப் பின்னால் மட்காட்டுக்குள்ளோ திறந்திருக்கும். வெளிக்காற்றைத்தான் இழுக்கிறது. அதாவது கோல்ட் எயார் இன்டேக் உங்கள் காரில் ஏற்கனவே இருக்கிறது. தண்ணீர் தெறித்தாலும் உள்ளே போகாத உயரத்தில், காசு கொடுத்து வாங்கிய காரோடு வந்தது.

அதைக் கழற்றிவிட்டு பொனட்டுக்குள்ளேயே திறந்த பில்டர் வைப்பவர்கள் இன்னொரு கூட்டம். கச்சான் காற்று அடிக்கிற ஆடி மாதத்தில் இங்கே திருகோணமலை அனுராதபுரச் சந்தியில் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வந்த காரில் ஸ்கேனரை மாட்டிப் பார்த்திருக்கிறேன். வெளியே 33 பாகை, பில்டருக்குள் போகும் காற்று 63 பாகை. 30 பாகை கூடினால் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 9 சதவீதம் குறையும். குளிர் காற்று வேண்டும் என்று செய்த வேலை, ரேடியேட்டரின் சூட்டைக் குடிக்கிறது. கார் ஓடத் தொடங்கினால் சூடு இறங்கும், உண்மைதான். ஆனால் சந்தியிலிருந்து கிளம்பும் அந்த நேரத்தில்தானே உங்களுக்குப் பவர் வேண்டும்?

"ஆனா அண்ணா, சத்தமே மாறிட்டுது, நல்லா இழுக்குது." சத்தம் மாறும்தான். அந்த உறிஞ்சும் சத்தம் எப்போதும் எஞ்சினில் இருந்தது. கம்பனிப் பெட்டியும் குழாயோடு ஒட்டியிருக்கும் ரெசொனேட்டர் என்ற வெற்று டப்பாவும் அதை அடக்கி வைத்திருந்தன. அவற்றைக் கழற்றினால் காதுக்குக் கேட்கிறது, அவ்வளவுதான். காது சொல்வதை நம்பாதீர்கள். ஒரே வீதியில், ஒரே கியரில், முன்னும் பின்னும் நேரத்தை அளந்து பாருங்கள்.

இன்னொரு விஷயம், எஞ்சினுக்குள் போகும் காற்றை அளக்கும் எயார்ஃப்ளோ சென்சர் உள்ள கார்களுக்கு. அந்த சென்சர் தன் குழாயின் விட்டத்துக்கு அளந்து வைக்கப்பட்டது. 60 மில்லிமீற்றர் குழாயிலிருந்து கழற்றி 75 மில்லிமீற்றர் குழாயில் பொருத்தினால் பரப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் கூடுகிறது. காற்று மெதுவாகப் போகிறது, கொம்பியூட்டர் காற்று குறைவு என்று நினைத்து பெற்றோலைக் குறைக்கிறது. செக் எஞ்சின் லைட் எரியும், ஸ்கேனரில் பி0171 என்று கோட் வரும், காற்றுக்குப் பெற்றோல் போதவில்லை என்று அர்த்தம். பிறகு "சென்சர் பழுதாம் அண்ணா" என்று புதிதாக ஒன்று வாங்கி வருவார்கள். சென்சரில் ஒரு பிழையும் இல்லை! எண்ணெய் போடும் துணி பில்டரைக் கழுவிவிட்டு எண்ணெயை அள்ளி ஊற்றினாலும் சென்சருக்குள் இருக்கும் சின்னக் கம்பியில் படிந்து இதே கதைதான்.

சரி, சொன்னாலும் செய்யத்தான் போகிறீர்கள். அந்த வயது எனக்கும் தெரியும். அப்படியானால் இப்படிச் செய்யுங்கள். பில்டர் பொனட்டின் உயரத்திலேயே இருக்கட்டும். அதைச் சுற்றி அலுமினியத் தகட்டில் பெட்டி அடித்து, மேல் விளிம்பில் ரப்பர் பட்டி ஒட்டி, பொனட் மூடும்போது எஞ்சின் சூடு உள்ளே வராதபடி அடையுங்கள். காற்றுக்கு கம்பனி மூக்கையே அந்தப் பெட்டிக்குள் விடுங்கள். வீட்டுக்குத் தண்ணீர் போடும் பிவிசி எஞ்சின் சூட்டுக்குச் செய்ததல்ல, இளகிக் கோணும். அலுமினியக் குழாயும் சிலிக்கன் ஹோஸும் வாங்குங்கள். குழாயில் துளை போட்டால் உள்ளே ஒரு தூள்கூட மிஞ்சக் கூடாது. டேர்போ கார் என்றால் இரண்டு தடவை துடையுங்கள். எஞ்சின் மூச்சு விடும் பிரீதர் ஹோஸை வெறுமனே தொங்க விடாதீர்கள், பில்டருக்குப் பிறகு வரும் குழாயில் சேருங்கள். நிலாவெளிக் கடற்கரை மணலில் ஓடுபவர்கள் மலிவான ஸ்பொஞ்ச் பில்டர் பக்கம் போகவே வேண்டாம். அந்த மணல் சிலிண்டர் சுவரைத் தேய்த்துவிடும்.

தண்ணீருக்குள் கார் நின்றுவிட்டால் சாவியைத் தொடாதீர்கள். ஒரு தடவை அடித்துப் பார்க்கிறேன் என்று ஸ்டார்ட் பண்ணுவதில்தான் பாதி ரொட் வளைகிறது. தள்ளி மேட்டில் ஏற்றுங்கள், ஆளைக் கூப்பிடுங்கள். எல்லாப் பிளக்கையும் கழற்றித் தண்ணீரை வெளியே விட்டால் எஞ்சின் பிழைக்க வாய்ப்பிருக்கிறது. இந்தப் பொடியன் நாலு தடவை அடித்திருக்கிறான்.

அவனுடைய எஞ்சினை இறக்கிப் பார்த்தோம். இரண்டு ரொட் வளைந்திருந்தது. பழைய பில்டர் பெட்டியைக் கேட்டேன், குப்பையில் போட்டுவிட்டானாம். கொழும்பு பஞ்சிகாவத்தையில் மூன்று கடைக்குப் பேசித்தான் ஒன்று கிடைத்தது, அதுவும் மூக்கு இல்லாமல். நீங்கள் எதை மாற்றினாலும் சரி, கழற்றிய பெட்டியையும் அதன் மூக்கையும் கிளிப்புகளையும் ஒரு பையில் போட்டு வீட்டில் வையுங்கள். ஐப்பசி பிறந்ததும் எடுத்துத் திரும்பப் பூட்டுங்கள். அரை மணித்தியால வேலை, கராஜுக்குக் கொண்டு வந்தால் நானே பூட்டித் தருகிறேன்.