புயலுக்குப் பிறகு வரும் மூன்று வாரங்கள்

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் எல்லோருடைய காதும் வானிலை அறிவிப்பில்தான் இருக்கும். நாகை துறைமுகத்தில் எத்தனையாம் நம்பர் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்பது டீக்கடையில்கூடப் பேச்சாக ஓடும். கூரையின் மேல் வலை போட்டு இழுத்துக் கட்டுவது, வீட்டுப் பக்கம் சாய்ந்திருக்கும் தென்னையில் மட்டையைக் கழிப்பது, படகை மேடேற்றுவது என்று காற்றுக்கு வேண்டிய வேலைகளைப் பெரியவர்கள் சொல்லாமலே செய்துவிடுகிறார்கள். 2011 தானே, 2018 கஜா, 2020 நிவர், 2024 ஃபெஞ்சல் என்று அடுத்தடுத்து வாங்கிய அடி கற்றுக்கொடுத்தது அது.

குழந்தை மருத்துவராக நான் கவலைப்படுவது அந்த ஓர் இரவைப் பற்றி மட்டும் அல்ல. காற்று விடிவதற்குள் போய்விடும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை என்னிடம் தூக்கி வருவது பெரும்பாலும் அதற்கப்புறம்தான். முதல் வாரம் வயிற்றுப்போக்கு. கூடவே நனைந்த துணியோடு கிடந்ததில் சளி, இருமல். இரண்டு மூன்று வாரம் போனால் காய்ச்சல். கஜா 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. பல கிராமங்களுக்குக் கரண்ட் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. கரண்ட் இல்லையென்றால் மோட்டார் ஓடாது, மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏறாது. கைக்குழந்தை உள்ள வீடு தயாராக வேண்டியது அந்த மூன்று வாரத்துக்கு.

(கீழே வரும் குடும்பங்களின் அடையாளம் தெரியாமலிருக்க விவரங்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.)

முகாம்களில் நான் அதிகம் கேட்கும் வார்த்தை, "பயத்துல தாய்க்குப் பால் வத்திப் போச்சு டாக்டர்." புயல் பாதுகாப்பு மையத்தின் கூடத்தில், மூன்று மாதக் குழந்தையோடு ஒரு பெண் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். குழந்தை மார்பில் வாயை வைப்பதும், முகத்தைத் திருப்பிக்கொண்டு வீறிட்டு அழுவதுமாக இருந்தது. மாமியார், யாரோ கொடுத்துவிட்டுப் போன பால் பவுடர் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு வெந்நீருக்கு அலைந்துகொண்டிருந்தார். சுற்றிலும் ஆண்கள், இரைச்சல், ஈரம். அந்த இடத்தில் எந்தத் தாய்க்கும் பால் இறங்காது. ஆனால் பால் வற்றவில்லை. பயமும் களைப்பும் பால் சுரப்பதை நிறுத்துவதில்லை. சுரந்த பால் வெளியே வருவதைத்தான் சற்றுத் தாமதப்படுத்துகின்றன. பக்கத்தில் இருந்த இரண்டு பெண்களிடம் ஒரு புடவையைத் திரை மாதிரிப் பிடிக்கச் சொன்னோம். குழந்தையின் ஈரத்துணியை உருவிவிட்டு, தாயின் நெஞ்சோடு தோல் படும்படி அணைத்து, மேலே ஒரு போர்வை. தாய்க்குக் குடிக்கச் சூடாக ஏதாவது. கொஞ்ச நேரத்தில் குழந்தை சப்ப ஆரம்பித்தது. சப்பச் சப்பத்தான் பால் வரும். அந்த அணைப்பு குழந்தையின் உடல் குளிர்ந்துபோகாமலும் காக்கும்.

பவுடர் பாலுக்கு நான் ஏன் இவ்வளவு பயப்படுகிறேன்? அதைக் கலக்கக் கொதித்த தண்ணீர் வேண்டும். புட்டியையும் ரப்பரையும் ஒவ்வொரு முறையும் வேகவைக்க அடுப்பு வேண்டும். முகாமில் இரண்டும் கிடையாது. 2006-ல் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நிலநடுக்கத்துக்குப் பிறகு நடந்த ஆய்வில், நன்கொடையாகப் பால் பவுடர் பெற்ற குழந்தைகளிடம் வயிற்றுப்போக்கு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது. நல்ல மனதோடு கொடுத்ததுதான், ஆனால் பிள்ளையைப் படுக்க வைத்துவிட்டது. ஏற்கெனவே பவுடர் பாலில் வளரும் குழந்தைக்கு அதைத் தவிர்க்க முடியாது என்றால், புட்டியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் பாலாடையை எடுத்துப் போங்கள். சில வீடுகளில் சங்கு என்பார்கள். மூலை முடுக்கு இல்லாத ஒரே வழவழப்பான பாத்திரம் அது. சோப்பு போட்டுக் கழுவிச் சுடுதண்ணீர் ஊற்றினால் சுத்தம். இன்றைக்கும் குறைமாதக் குழந்தைகள் வார்டில் நாங்கள் அதில்தான் புகட்டுகிறோம்.

அடுத்தது உப்புச் சர்க்கரைக் கரைசல், அதாவது ஓஆர்எஸ். 1971-ல் வங்கதேச அகதிகள் குவிந்திருந்த போங்கான் முகாமில் காலரா பரவியது. நரம்பு வழி ஏற்றும் சலைன் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மகலநபிஸ் உப்பையும் சர்க்கரையையும் கரைத்துக் குடிக்கக் கொடுக்கச் செய்தார். 30 சதவீதம் அளவுக்கு இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே போனது. தம்ளர் தம்ளராக ஊட்டியவர்களில் பெரும்பாலோர் நோயாளிகளின் வீட்டு ஆட்கள். ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லாமல் மரம் விழுந்து கிடக்கும் ஊரில், உங்கள் கையில் இருக்கும் முதல் மருந்து இதுதான்.

ஆனால் அதைத் தப்பாகக் கலக்கிறவர்கள் நிறையப் பேர். பாக்கெட்டைக் கிழித்து ஒரு தம்ளர் தண்ணீரில் கொஞ்சம் தட்டிவிட்டு, மீதியை மடித்து வைக்கிறார்கள். அப்படிச் செய்தால் உப்பு கூடும் அல்லது குறையும், இரண்டும் கெடுதல். பெரிய பாக்கெட் என்றால் முழுவதையும் ஒரு லிட்டரில் கொட்ட வேண்டும். கடைத் தண்ணீர் வாங்கிய ஒரு லிட்டர் பாட்டில் அளவுக்குச் சரியாக இருக்கும். சின்னப் பாக்கெட் என்றால் மேலே போட்டிருக்கும் அளவைப் பாருங்கள். 24 மணி நேரம் தாண்டினால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்கவும். குழந்தை வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, ஸ்பூன் ஸ்பூனாக மறுபடி ஆரம்பியுங்கள். தாய்ப்பாலையோ கஞ்சியையோ நிறுத்தாதீர்கள். "வயிறு காயட்டும்" என்று பட்டினி போடுவது பச்சைப் பிள்ளைக்குச் செய்யும் கொடுமை. துத்தநாக மாத்திரை கொடுத்திருந்தால், போக்கு நின்றுவிட்டாலும் 14 நாள் முடியும்வரை கொடுங்கள். பழரச அட்டைப் பெட்டிகளில் ஓஆர்எஸ் என்று போட்டு விற்ற இனிப்புப் பானங்கள் இந்தக் கரைசல் அல்ல. 2025-ல் அந்தப் பெயரை எடுக்கச் சொல்லி உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. பழைய பழக்கத்தில் இன்னும் அதையே கேட்டு வாங்குகிறார்கள்.

கண் உள்ளே போய், அழுதாலும் கண்ணீர் வராமல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமல், துவண்டு கிடந்தால் வீட்டில் வைத்திருக்க வேண்டாம். மலத்தில் இரத்தம் கண்டாலும் அப்படியே. ஊட்டிக்கொண்டே தூக்கி வாருங்கள்.

இவ்வளவுக்கும் மூலம் தண்ணீர். வெள்ளத்தில் மூழ்கிய அடிபம்புத் தண்ணீர் தெளிவாகத்தான் தெரியும், அதை நம்ப வேண்டாம். தளதளவென்று கொதிக்கவிடுங்கள். விறகு நனைந்து அடுப்பு எரியவில்லை என்றால், துணியில் வடிகட்டிவிட்டு, சுகாதாரத் துறையினர் தரும் குளோரின் மாத்திரையை உறையில் சொன்ன அளவுக்குப் போட்டு அரை மணி நேரம் மூடி வையுங்கள்.

இனி பாம்பு. இதைப் பெற்றோர் அவ்வளவாக எதிர்பார்ப்பதில்லை என்பதால் விரிவாகச் சொல்கிறேன். வெள்ளம் வந்தால் அதுவும் நம்மைப் போல மேடு தேடி வரும். ஒரு நாள் விடியற்காலையில் நான்கு வயதுப் பையன் ஒருவனை வயிற்றுவலி என்று கொண்டு வந்தார்கள். கடி, காயம் எதுவும் தெரியவில்லை. பாட்டி சொன்னார், "ராத்திரி பூரா தூங்கல, அதான் கண்ணு சொக்குது." அது தூக்கம் அல்ல, இமை தானாக இறங்கிக்கொண்டிருந்தது, எச்சிலை விழுங்கவும் முடியவில்லை. கட்டுவிரியன் கடி. தரையில் பாய் போட்டுத் தூங்குகிறவர்களை இரவில் கடிக்கும். வலியும் வீக்கமும் பெரும்பாலும் இருக்காது, பல் பட்ட தடமே கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். நேரத்தோடு வந்ததால், விஷமுறிவு மருந்தும் செயற்கைச் சுவாசமும் கொடுத்து அவனைக் காப்பாற்ற முடிந்தது. தரையில் படுத்த பிள்ளை விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்து, இமை தொங்கினால், பேச்சு குழறினால், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். கட்டுப் போட வேண்டாம், கீற வேண்டாம், மந்திரிக்கப் போய் நேரத்தை விட வேண்டாம். நடக்கவிடாமல் தூக்கி வாருங்கள். விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம். முடிந்தவரை பிள்ளைகளைக் கட்டிலில் படுக்க வைத்து, கொசுவலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் சுற்றிலும் செருகிவிடுங்கள்.

தண்ணீர் பிடித்து வைக்கும் டிரம்மும் அண்டாவும் தவழும் குழந்தைக்கு ஆபத்து. தலைகுப்புற விழுந்த ஒரு வயதுக் குழந்தையால் தானாக நிமிர முடியாது; அரை வாளித் தண்ணீர் போதும், சத்தமே வராது. இறுக்கமான மூடி போடுங்கள். வாடகை ஜெனரேட்டரை மழைக்கு நனையாமலிருக்கத் திண்ணையிலோ அறைக்குள்ளோ வைக்கிறார்கள். அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்குகிறவர்கள் எழுந்திருக்காமலே போகலாம். ஜன்னல், கதவுக்குத் தள்ளி வெளியே வையுங்கள்.

மூன்றாம் வாரக் காய்ச்சலுக்கு வருவோம். விழுந்த தென்னைகளைச் சுற்றிக் கொட்டாங்கச்சியும் மட்டையும் குவிந்து கிடக்கும், கூரையில் போட்ட தார்ப்பாய் மடிப்புகளில் மழைநீர் நிற்கும், டிரம்கள் வேறு. டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆகவே வாரம் ஒரு முறை டிரம்மைக் கவிழ்த்துச் சுவரை நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை ஒட்டியிருப்பது அங்கேதான். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், அதுவும் குழந்தையின் எடைக்கேற்ற அளவில். வேறு வலி மாத்திரையோ ஊசியோ கேட்டு வாங்காதீர்கள். டெங்குவில் காய்ச்சல் விட்ட நாள்தான் கவனமாக இருக்க வேண்டிய நாள். கை கால் சில்லென்று ஆவது, வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், மந்தமாகக் கிடப்பது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும், "காய்ச்சல்தான் விட்டுடுச்சே" என்று இருந்துவிடாதீர்கள்.

பிள்ளைகளின் பயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த ராத்திரியின் ஊளைச் சத்தம் அவர்களுக்குள் கொஞ்ச நாள் இருக்கும். படுக்கையை நனைப்பதை நிறுத்தியிருந்த பிள்ளை மறுபடி நனைக்கும். அம்மா கொல்லைக்குப் போனால்கூட அழுதுகொண்டே பின்னால் வரும். திட்டாதீர்கள், மற்றவர் முன்னால் சொல்லிக் காட்டாதீர்கள். முன்கூட்டியே சொல்லி வைப்பது உதவும்: "இன்னைக்கு ராத்திரி காத்து பலமா அடிக்கும், பெரிய சத்தம் வரும், நாம எல்லாரும் ஒரே ரூம்ல இருப்போம்." நடுவில் காற்று சட்டென்று அடங்கினால் விளையாட வெளியே விடாதீர்கள். புயலின் கண் கடந்துகொண்டிருக்கலாம். சற்று நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து அதே வேகத்தில் அடிக்கும். பிறகு பிள்ளைகள் புயல் விளையாட்டே விளையாடுவார்கள், வீடு கட்டி ஊதித் தள்ளுவார்கள். விடுங்கள், பயம் அப்படித்தான் கரையும். ஒரு மாதத்துக்கு மேலும் தூக்கமும் சாப்பாடும் சரியாகவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

தடுப்பூசி அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொள்ளுங்கள். வலிப்பு, ஆஸ்துமா மருந்துகளை ஒரு மாதத்துக்கு வாங்கி வையுங்கள். இன்சுலின் போடும் பிள்ளை இருந்தால், கரண்ட் இல்லாத நாட்களில் ஈர மணல் நிரப்பிய பானைக்குள் சின்னப் பானை வைத்து, அதனுள் மருந்தை நனையாமல் வைக்கலாம். நிறைமாதக் கர்ப்பிணி இருக்கும் வீடு, புயல் செய்தி வந்தவுடனே கிராம சுகாதார செவிலியருக்குச் சொல்லிவிட்டால் முன்கூட்டியே மருத்துவமனையில் சேர்ப்பார்கள்.

வெளியூரிலிருந்து லாரியில் சாமான் அனுப்பும் நண்பர்களே, பால் பவுடரும் புட்டியும் வேண்டாம். மூடியுள்ள டிரம், கொசுவலை, ஓஆர்எஸ் பாக்கெட், குளோரின் மாத்திரை, குழந்தைக்குக் கட்டப் பருத்தித் துணி, நாப்கின், பாலூட்டும் தாய்க்குச் சத்தான சாப்பாட்டுப் பொருள் இவைதான் உடனே தேவைப்படும். ஊருக்குள் நுழைந்ததும் ரோட்டோரத்தில் நிறுத்தி விநியோகிக்காமல், அந்தப் பகுதிச் செவிலியரையோ அங்கன்வாடி ஊழியரையோ கேளுங்கள். எந்த வீட்டில் பிறந்து பத்து நாளான குழந்தை இருக்கிறது, எந்தத் தாய் கைக்குழந்தையை விட்டுவிட்டு வரிசையில் வந்து நிற்க முடியாமல் இருக்கிறாள் என்பது அவர்களுக்குத் தெரியும்.