24 வோல்ட்டிலேயே நிற்கும் பேட்டரி

விமான சிமுலேட்டர்களுக்கு மின்சுற்று மாடல் எழுதுவது என் வேலை. எஞ்சினுக்கும் வானிலைக்கும் மாய்ந்து மாய்ந்து உழைப்போம், பேட்டரி என்று வந்தால் மட்டும் வாளித் தண்ணீர் கணக்குதான்: காலியாகும்வரை 24 வோல்ட், காலியானதும் பூஜ்யம். நானும் முதலில் அப்படித்தான் எழுதினேன்.

செஸ்னா 172எஸ் என்ற சிறு விமானத்தின் சிமுலேட்டர் பயிற்சி ஒன்றில் அது பல்லிளித்தது. எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டருக்குப் பழுது கொடுத்தோம்; இனி பேட்டரி மட்டும்தான், தேவையற்றதை அணைத்து அதை மிச்சப்படுத்த வேண்டும். மாணவர் லேண்டிங் லைட்டை அணைத்தார், வோல்டேஜைப் பார்த்தார், அசையவில்லை. பிட்டாட் ஹீட்டை (வேகம் அளக்கும் குழாயில் பனி உறையாமல் காக்கும் சூடேற்றியை) அணைத்தார், அப்போதும் அப்படியே. அதற்கு மேல் அவர் எதையும் அணைக்கவில்லை. அவரைக் குறை சொல்ல முடியுமா? அணைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை என்று சொல்லிக்கொடுத்ததே நான் எழுதிய புரோகிராம்தான்.

நிஜத்தில் அந்த 24 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரியில் 12 செல்கள், முழு சார்ஜில் சும்மா இருக்கும்போது 25 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும். சார்ஜ் இறங்க இறங்க அதுவும் இறங்கும். அதிலிருந்து, இழுக்கும் கரண்ட்டை அகமின்தடையால், அதாவது பேட்டரிக்குள்ளேயே இருக்கும் மின்தடையால், பெருக்கிக் கழிக்க வேண்டும். தடை 0.02 ஓம் என்று வைத்துக்கொண்டால், ஸ்டார்ட்டர் 200 ஆம்பியர் இழுக்கும் நொடியில் 4 வோல்ட் காணாமல் போகும். காரில் சாவியைத் திருப்பும்போது டேஷ்போர்டு விளக்கு மங்குமே, அதேதான். குளிரிலும், சார்ஜ் தீரும்போதும் தடை கூடும். அப்புறம், வேகமாக இழுத்தால் கிடைக்கும் மொத்த ஆம்பியர்-மணியும் குறையும். மொத்த ஆம்பியர்-மணியைக் கரண்ட்டால் அப்படியே வகுத்து நேரம் சொன்னால் விமானிக்கு இல்லாத நிமிடங்களைக் காட்டுவோம்.

பலர் விட்டுவிடுவது ஒன்று உண்டு. லோடை எடுத்ததும், அதாவது கரண்ட் இழுப்பவற்றை அணைத்ததும், வோல்டேஜ் மெல்ல மேலே ஏறும். பேட்டரி தேறிவிட்டது என்று அதை நம்பி மறுபடி எல்லாவற்றையும் போட்டால் முன்பைவிட வேகமாக விழும். அதே மாதிரி ரேடியோ: கேட்பதற்குக் கொஞ்சம் கரண்ட் போதும், பேசுவதற்குப் பல மடங்கு வேண்டும். மாடலைத் திருத்திய பிறகு அதே பயிற்சியில் விமான நிலையக் கட்டுப்பாட்டு டவரின் குரல் தெளிவாகக் கேட்டது, மாணவர் பதில் சொல்ல பட்டனை அழுத்தினார், திரை கண் சிமிட்டியது, குரல் போகவில்லை. நான்கு முறை அழுத்தினார், பாவம், ஒவ்வொரு அழுத்தலும் மிச்சமிருந்ததையும் தின்றது.

வீட்டில் சிமுலேட்டர் வைத்திருப்பவர்கள் ஒரு சோதனை செய்யலாம். எஞ்சினை ஓட்டாமல், மாஸ்டர் ஸ்விட்ச்சில் பேட்டரி பக்கத்தை மட்டும் போட்டு, பிட்டாட் ஹீட்டையும் விளக்குகளையும் எரியவிட்டுப் பத்து நிமிடம் வோல்டேஜைப் பாருங்கள். எண் அசையவே இல்லையா? சரி, அதில் லேண்டிங் பழகுங்கள், ஆல்டர்னேட்டர் பழுதை மட்டும் பழகாதீர்கள்.