புயலில் வீடு சேதமானால் காப்பீட்டுத் தொகையைக் கேட்டுப் பெறுவது எப்படி?

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த இரண்டு நாளுக்குள் சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணை வழியாக வந்து கடலூர்ப் பக்கத்து ஊர்களைச் சூழ்ந்தது. இப்படி ஓடு பறந்த வீட்டுக்குள்ளேயே ஆற்று வெள்ளமும் நுழைந்தால், காப்பீட்டு நிறுவனம் எவ்வளவு சேதம் என்று பார்ப்பதற்கு முன்பு எதனால் வந்த சேதம் என்றுதான் பார்க்கும். கிளெய்ம், அதாவது இழப்பீட்டுக் கோரிக்கை, தொடர்பான தகராறுகள் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

முதலில் வீட்டுக்குக் காப்பீடு இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக் கடன் கொடுக்கும்போது வங்கியே பாலிசி எடுத்திருக்கலாம். பத்திரம் வங்கிக் கோப்பில் கிடக்கும், கிளைக்குப் போய் நகல் கேளுங்கள். கடன் வாங்கியவரின் உயிருக்கு எடுத்த பாலிசி வேறு, கட்டடத்துக்கு எடுத்த பாலிசி வேறு. முன்னதை வைத்து இடிந்த சுவருக்குப் பணம் கேட்க முடியாது. கட்டட பாலிசியில் வங்கியின் பெயரும் இருந்தால் தொகை முதலில் வங்கிக்குப் போகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு (ஆயுள் காப்பீடு அல்லாத) நிறுவனங்களும் வீடுகளுக்கு விற்கும் பொதுவான பாலிசி ‘பாரத் கிரஹ ரக்ஷா’. தீ, மின்னல், புயல், வெள்ளம், சுனாமி, நிலநடுக்கம் எல்லாம் இதில் அடங்கும். சேதம் நடந்த 7 நாளுக்குள் அதன் காரணமாகத் திருட்டு நடந்தால் அதற்கும் கேட்கலாம். கட்டடத்துக்கு பாலிசி எடுத்தாலே, அந்தத் தொகையில் 20 சதவீதம் வரை, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய்க்கு, வீட்டுச் சாமான்களுக்கும் காப்பீடு உண்டு. ரொக்கத்துக்கும் வண்டிக்கும் கிடையாது. கடற்கரை ஊர்க்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கடல் அரிப்பாலோ ஆற்று அரிப்பாலோ மண் இறங்கி வீடு சாய்ந்தால் இந்த பாலிசி பணம் தராது. அலை ஏறி வந்து வீட்டை மூழ்கடித்தது வேறு, கரை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து அஸ்திவாரம் போனது வேறு. கிளெய்மில் எழுதும்போது இரண்டையும் கலக்காதீர்கள்.

சேதத்தைப் பார்த்த உடனே நிறுவனத்தின் கட்டணமில்லா எண்ணில் சொல்லி, மின்னஞ்சலும் அனுப்பி, கிளெய்ம் எண்ணை வாங்கிவிடுங்கள். கிளெய்ம் படிவத்தை 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். “வீடு ஒழுகுகிறது” என்று மட்டும் எழுதாதீர்கள். அப்படி எழுதினால், தளத்தில் பழைய கசிவு, பராமரிப்பு இல்லை என்று தள்ளிவிடுவார்கள். “30ஆம் தேதி இரவு காற்றில் வடக்குப் பக்கச் சிமெண்ட் ஷீட் 4 பெயர்ந்தது, அந்த வழியாக மழை இறங்கி அறைச் சுவரும் கட்டிலும் பீரோவும் நனைந்தன” என்று நடந்ததை நடந்த வரிசையில் எழுதுங்கள். படமும் அதே வரிசையில் இருக்கட்டும்: முதலில் வெளியே பெயர்ந்த இடம், பிறகு உள்ளே அதற்கு நேர் கீழே நனைந்த இடம். வெள்ளம் என்றால் சுவரில் சேறு படிந்த கோட்டுக்குப் பக்கத்தில் டேப்பை நிறுத்தி உயரம் தெரியும்படி எடுங்கள். கழுவிவிட்டால் அந்தச் சாட்சி போய்விடும்.

தார்ப்பாய் கட்டுவது, தண்ணீர் இறைப்பது போன்ற அவசர வேலையைச் செய்யலாம், செய்யவும் வேண்டும், பில்லை வைத்துக்கொள்ளுங்கள். சேதத்தை மதிப்பிட நிறுவனம் நியமிக்கும் சர்வேயர் வந்து பார்க்கும் முன் பூசவோ மாற்றவோ வேண்டாம். நாறும் மெத்தையை வீச வேண்டியிருந்தால் படம் எடுத்து, சர்வேயருக்குத் தகவல் அனுப்பிவிட்டு வீசுங்கள். நனைந்த ஃப்ரிட்ஜையும் மோட்டாரையும் மின்சாரம் வந்ததும் ஓட்டிப் பார்ப்பது பெரிய தவறு. உள்ளே ஷார்ட் சர்க்யூட் ஆகி எரிந்தால், பாலிசி விலக்கியிருக்கும் மின்கோளாறு என்று சொல்ல நிறுவனத்துக்கு வழி கிடைத்துவிடும். மெக்கானிக் கழற்றிப் பார்த்து, தண்ணீர் புகுந்ததால் பழுது என்று பில்லிலேயே எழுதித் தரட்டும்.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024 சுற்றறிக்கைப்படி, தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும். 15 நாளுக்குள் அவர் அறிக்கை வர வேண்டும். அது வந்த 7 நாளுக்குள் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும். அறிக்கையின் நகலை எழுதிக் கேட்டு வாங்குங்கள். தொகை எங்கே குறைந்தது என்பது அதில்தான் தெரியும்.

அடிக்கடி நடக்கும் ஒரு வெட்டைச் சொல்ல வேண்டும். 20 லட்சத்துக்கு எடுக்க வேண்டிய வீட்டுக்கு 10 லட்சத்துக்குத்தான் பாலிசி, சேதம் 2 லட்சம் என்றால், பழைய வகைத் தீ பாலிசியில் விகிதப்படி 1 லட்சம்தான் கிடைக்கும். பாரத் கிரஹ ரக்ஷாவில் அந்த விகித வெட்டு கிடையாது. 2 லட்சமும் கேட்கலாம். உங்கள் பாலிசி எது என்று பார்த்துவிட்டு, தவறாக வெட்டியிருந்தால் எழுத்தில் மறுப்புத் தெரிவியுங்கள். சர்வேயர் போட்ட கணக்கே இறுதி இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2009இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஒரு சிவில் இன்ஜினியரிடம் அளவும் விலையும் பிரித்துப் போட்ட எஸ்டிமேட் வாங்கி இணைத்தால் மறுப்புக்கு வலு வரும். ‘முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்’ என்ற ரசீதில் கையெழுத்துக் கேட்டால், ஆட்சேபத்துடன் பெறுகிறேன் என்று எழுதிப் போடுங்கள்.

நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு முதலில் புகார் எழுதி, ஒப்புகையை வைத்திருங்கள். 155255 என்ற எண்ணில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்திடமும் பதியலாம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் சரியில்லாவிட்டாலும், ஓராண்டுக்குள் காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் அதிகாரியான, சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டோடு புதுச்சேரியும் காரைக்காலும் அந்த அலுவலகத்துக்கு உட்பட்டவை. கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் ரூபாய் வரை உத்தரவிடலாம். அந்த உத்தரவு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். நுகர்வோர் ஆணையத்தில் ஏற்கெனவே வழக்குப் போட்டிருந்தால் ஆம்புட்ஸ்மேன் மனுவை எடுக்கமாட்டார், எனவே வரிசையை மாற்றாதீர்கள்.

அங்கும் தீராவிட்டால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நிறுவனத்தின் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுதான் கெடு. நிறுவனத்துக்கு நினைவூட்டல் கடிதம் அனுப்பிக்கொண்டே இருப்பதால் அந்தக் கெடு நீளாது.